சுதாரிக்கும் கால்

தினமும் விடியற்காலையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறவன் நான். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேலத்துப் பள்ளி மைதானங்களில் விசில் ஊதியிருக்கிறேன். போன மார்கழியில் ஒரு நாள் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து "சார்!" என்று ஒரு குரல். நடையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தேன். வலது காலில் இடது கால் இடித்தது. அடுத்த கணம் தரையில் கிடந்தேன். மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கூப்பிட்டது பழைய மாணவன்தான். என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கேட்டான்: "சார், எங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. தினம் ஆறு கிலோமீட்டர் நடந்தும் ஒரு கால் மறுகாலுக்கு வழிவிடத் தெரியாமல் போனது எப்படி? மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. ஆறு கிலோமீட்டரையும் நான் நேராகவே நடந்திருக்கிறேன். பத்து ஆண்டுகளாக ஒரே பாதை, ஒரே வேகம், ஒரே பக்கமாகச் சுற்று. என் கால்கள் நேராகப் போவதில் தேர்ச்சி பெற்றுவிட்டன. திரும்புவது, சட்டென்று நிற்பது, விலகுவது, பின்வாங்குவது எல்லாம் பாடத்திட்டத்திலேயே இல்லை.

உடற்கல்வியில் இந்தத் திறனுக்கு அஜிலிட்டி என்று பெயர். சுறுசுறுப்பு என்று தமிழ்ப்படுத்துபவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. நாலு மணிக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பாட்டியும் சுறுசுறுப்பானவர்தான். தெளித்த தண்ணீரிலேயே அவர் வழுக்கி விழவும் கூடும். நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது. "விழப்போனேன், எப்படியோ சுதாரித்துக்கொண்டேன்" என்கிறோமே, அந்தச் சுதாரிப்பு. எதிரே வருவதைப் பார்த்தோ கேட்டோ காலால் உணர்ந்தோ, அதற்கேற்பத் தன் வேகத்தையும் திசையையும் உடல் உடனே மாற்றிக்கொள்வது. கவனிப்பு, முடிவு, நகர்வு என்று மூன்று வேலைகள் இதற்குள் இருக்கின்றன. கபடியில் பாடிப் போகிறவனுக்கு எதிரணியின் கை தெரிந்த நொடியில் மூன்றும் நடந்துவிடும். எழுபது வயதில் நமக்கு எதிரணி வேறு: பேரனின் பொம்மைக் கார், பிரேக் போடும் டவுன் பஸ், ஐந்து ரோட்டில் குறுக்கே பாயும் ஆட்டோ, குளியலறையின் ஈரத் தரை.

அரை நொடியில் நடப்பது

கால் தடுக்கியதும் உடலின் எடை பாதத்தைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. எடை போன இடத்துக்குக் கீழே இன்னொரு பாதம் போய் ஊன்றிக்கொண்டால் தப்பித்தோம். அதற்கு அரை நொடிகூடக் கிடைப்பதில்லை. அதற்குள் செய்தி மூளைக்குப் போக வேண்டும், உத்தரவு திரும்ப வேண்டும், தொடை தூக்க வேண்டும், பாதம் பாய வேண்டும்.

செய்தி அனுப்புபவர்கள் மூன்று பேர். கண் ஒன்று. உட்காதில் இருக்கும், நீர்மம் நிறைந்த வளையங்கள் இரண்டாவது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்பவை இவை. மூன்றாவது பாதமும் கணுக்காலும். வயது ஏற ஏற மூன்றுமே மங்குகின்றன. சர்க்கரை நோய் நீடித்தவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி முன்னதாகவே மரத்துப்போகலாம். தரை மேடா பள்ளமா என்பது அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். கண்ணாடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மேல் பாதி தூரத்துக்கும் கீழ்ப் பாதி படிப்பதற்குமாக அமைந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்கினால், படி தெரிவது படிப்பதற்கான பாதி வழியாகத்தான். அது கலங்கலாகத்தான் தெரியும்.

செய்தி சரியாக வந்தாலும் செயல்படுத்தத் தசை வேண்டுமே. தசை நார்களில் பொதுவாக இரண்டு வகை. நெடுநேரம் நிதானமாக உழைப்பவை ஒரு வகை, சட்டென்று வெடித்துப் பாய்பவை இன்னொரு வகை. முதல் வகையை நடைக்காரர்கள் என்றும் இரண்டாம் வகையைக் கபடிக்காரர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதுமையில் அதிகமாக மெலிபவர்கள் கபடிக்காரர்கள். இதனால்தான் ஒரு மூட்டையைத் தூக்கும் பலம் குறைவதைவிட, அந்தப் பலத்தை உடனே வெளிப்படுத்தும் ஆற்றல் வேகமாகக் குறைகிறது. நிதான நடை நடைக்காரர்களுக்கு மட்டுமே வேலை கொடுக்கிறது. கபடிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்தே கிழவர்களாகிறார்கள்.

இதில் வீட்டாரின் பங்கும் உண்டு. "அப்பா, மெதுவாக", "அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன்" என்று அன்பாகவே சொல்கிறோம். பயன்படுத்தாத தசை போய்விடும் என்று உடலுக்கு ஒரு விதி இருப்பதை மறந்துவிடுகிறோம்.

போனது திரும்புமா?

திரும்பும். முழுவதும் இல்லை, ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமாக. 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டியது. 2004இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. எலும்பு மெலிந்த, 75 முதல் 85 வயதுவரையான பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்தது சுதாரிப்புப் பயிற்சி: பந்து விளையாட்டு, தொடர் ஓட்டம், நடன அசைவு, தடை தாண்டும் பாதை. 25 வாரத்தில் அவர்களுடைய விழும் அபாய மதிப்பெண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எடை தூக்கிய குழு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே முன்னேறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்துக்காக உண்மையை மறைக்கக் கூடாது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த குழு இரண்டுக்கும் பின்னால் நின்றது.

மதிப்பெண் குறைவது வேறு, நிஜமாக விழாமலிருப்பது வேறு என்று யாராவது கேட்கலாம். சரியான கேள்வி. 2019இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசைப் பயிற்சியும் சேரும்போது பலன் இன்னும் கூடியது. நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு அந்தத் தொகுப்பில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. இதைப் படித்தபோது என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டேன்.

நடையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், அவற்றோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையை வளர்க்கும் பலவகைப் பயிற்சியும் இருக்கின்றன. முதலாவதைச் செய்துவிட்டு மற்ற இரண்டையும் கடக்கிறோம்.

உங்கள் கால் எங்கே நிற்கிறது?

சுவரோரம் ஒரு நாற்காலி போடுங்கள். கைப்பிடி இருந்தால் நல்லது, சக்கரம் இருக்கக் கூடாது. மூன்று மீட்டர் தள்ளிச் சாக்பீஸால் ஒரு கோடு. ஒருவர் கைப்பேசியில் நேரம் பார்க்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நேரத்தைப் பார்க்கும்போதே திரும்பும் இடத்தையும் பாருங்கள். அங்கே தயங்கித் தயங்கிக் குட்டி அடிகள் வைக்கிறாரா, சுவரைத் தேடுகிறாரா? எனக்கு நொடிக்கணக்கைவிட அதுதான் அதிகம் சொல்லும்.

இன்னொன்று, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது. 70 முதல் 74 வயதில் பெண்களுக்குப் பத்துக்கும், ஆண்களுக்குப் பன்னிரண்டுக்கும் குறைந்தால் கால்பலம் போதவில்லை என்று பொருள்.

அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. பங்குனியில் அளந்தபோது பதினைந்து நொடி ஆனது. "நாற்காலி தாழ்வாக இருக்கிறது" என்றாள். மாமா நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் உட்கார்ந்து துணி நெய்தவர். கை நாடாவை வீச, கால் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, இரண்டும் ஒரு நூல் பிசகாமல் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அவருக்குப் பதினாறு நொடி. கால்களுக்கு அத்தனை தாளம் தெரியும், ஆனால் எல்லாம் உட்கார்ந்த தாளம். எதைப் பழக்குகிறோமோ அதைத்தான் உடல் கற்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது மார்பு வலி வருகிறவர்கள், எழுந்ததும் தலை சுற்றுகிறவர்கள், ஓராண்டில் இருமுறை விழுந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஆனவர்கள், பக்கவாதம் அல்லது நடுக்குவாதம் உள்ளவர்கள். ரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் சிலரைத் தள்ளாட வைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். வெளியே போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு.

வளைவில் வண்டி ஓட்டுவது

முதல் மூன்று வாரம் இரண்டே பயிற்சிகள் போதும். நாற்காலியிலிருந்து எழுவது ஒன்று. எழும்போது விருட்டென்று, உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு. எட்டு முறை, சற்று ஓய்வு, மீண்டும் எட்டு. விருட்டென்று எழுவது கபடிக்காரர்களை எழுப்பும். மெதுவாக உட்காருவது தொடைக்குப் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும். மலைப்பாதையில் நடந்து இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும்; இறங்கும்போதுதான் தொடை நடுங்கும்.

மற்றது திசை அடி. சமையல் மேடையைத் தொட்டபடி நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் "முன்", "பின்", "வலது", "இடது" என்று தாறுமாறாகக் கூப்பிடட்டும். கூப்பிட்ட பக்கம் ஒரு பெரிய அடி வைத்து, எடையை அந்தக் காலில் ஊன்றி, பழைய இடத்துக்கு வர வேண்டும். இரண்டு நிமிடம் போதும். வரிசைப்படி கூப்பிட்டால் பயனில்லை. அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்தால்தான் கவனிப்பதும் முடிவெடுப்பதும் நடக்கும். பேரப்பிள்ளைகள் இந்த வேலையை மிகவும் விரும்பிச் செய்வார்கள். தாத்தாவை ஆட்டிவைக்கும் வாய்ப்பு வேறு எப்போது கிடைக்கும்?

கைப்பிடி இல்லாமல் இவற்றைச் செய்ய முடிந்த பிறகு திரும்பும் பயிற்சிக்கு வரலாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஓட்டுநரைக் கவனித்திருப்பீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, அகலமாகப் பிடித்துத் திருப்புகிறார். வளைவுக்குள் போனபிறகு பிரேக் தேடுவதில்லை. நாமும் அப்படித்தான் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பி, பிறகு உடலை மூன்று நான்கு அடிகளில் வளைத்து. நான் அன்று முழு வேகத்தில் போய்க்கொண்டே தலையை மட்டும் பின்னால் திருப்பினேன். மலையில் ஓட்டுநர் அப்படிச் செய்திருந்தால் பஸ் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா கேட்டாள்.

இதற்குப் பழக்கமான வழி எட்டு நடை. இரண்டு செம்புகளை மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு வடிவில் சுற்றி வருவது. நம் ஊர்ப் பூங்காக்கள் சிலவற்றில் இதற்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். எட்டு நடந்தால் அந்த நோய் போகும், இந்த நோய் போகும் என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நான் பொருட்படுத்துவதில்லை. எட்டின் அருமை எனக்கு வேறு: ஒரே சுற்றில் வலப்பக்கமும் திரும்புகிறோம், இடப்பக்கமும் திரும்புகிறோம். பூங்காவில் ஒரே பக்கமாகச் சுற்றுகிறவர்களுக்கு அது மருந்துதான். நிதானம் வந்த பிறகு செம்புகளை நெருக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் சரிவில் நின்று பழம் பறிக்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களின் பாதங்களையே பார்ப்பேன். ஒரு அடி வேரில், ஒரு அடி கல்லில், ஒரு அடி சறுக்கும் சருகில். பாதம் ஒவ்வொரு அடியிலும் புதிதாக முடிவெடுக்கிறது. அதற்காக அந்த உழைப்பைப் புகழ்ந்து பாட மாட்டேன். மூட்டைத் தேய்க்கும் வேலை அது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தரையின் மாறுதலை மட்டும். வாரத்தில் இரண்டு நாள் சிமெண்டுப் பாதையை விட்டு, ஷூவோடு, புல்லிலும் மண்ணிலும் நடந்து பாருங்கள்.

இன்னும் ஒரு படி மேலே, நடந்துகொண்டே மூளைக்கு வேறு வேலை கொடுப்பது. பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்திவிடுகிற முதியவர்கள் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ஸ்வீடனில் கண்டார்கள். நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் செலவானால் பேச்சுக்கு மிச்சம் ஏது? எட்டு நடந்துகொண்டே தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிப் பாருங்கள். மாசி, தை, மார்கழி வரை எளிது. ஐப்பசிக்கு முன்னால் என்ன என்று யோசிக்கும்போது கால் தடுமாறுகிறதா என்பதுதான் சோதனை. பக்கத்தில் ஒருவர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

மொட்டைமாடியில் பாண்டி

ஜப்பானில் 2006 வாக்கில் ஒரு பயிற்சி வந்தது. 25 சென்டிமீட்டர் சதுரங்கள், நாலு பத்தி, பத்து வரிசை கொண்ட ஒரு விரிப்பு. பயிற்சியாளர் காட்டும் வடிவத்தை நினைவில் வைத்து, கோட்டை மிதிக்காமல், சதுரம் சதுரமாக அடி வைத்துப் போக வேண்டும். விழும் அபாயத்தைக் குறைக்க அது உதவியது. படத்தைப் பார்த்ததும் அக்கா சொன்னாள்: "இது பாண்டிதானே? இதற்கு ஜப்பானுக்கு ஏன் போனார்கள்?"

பாண்டியேதான், ஒரு வேறுபாட்டோடு. நொண்டக் கூடாது. நம் வயதில் ஒற்றைக் காலில் தாவினால் சில்லுக்குப் பதில் இடுப்பெலும்பு சிதறும். அடி மட்டும்தான் வைக்க வேண்டும். மொட்டைமாடியில், தரை காய்ந்திருக்கும் மாலை நேரத்தில், கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, சாக்பீஸால் நாற்பது கட்டம் போட்டோம். முதல் வாரம் நேராக, வரிசைக்கு இரண்டு அடி. பிறகு ஒரு கட்டம் பக்கவாட்டில் விலகி, ஒன்று முன்னே. பிறகு மூன்று முன்னே, ஒன்று பின்னே. நான் வடிவத்தை ஒருமுறை நடந்து காட்டுவேன், அவள் அப்படியே செய்வாள். பாதி வழியில் நான் கைதட்டினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு இருபது நிமிடம். மாமாவுக்கு முதலில் வெட்கம். பக்கத்து மாடியில் துணி காயப்போட யாராவது வந்தால் வானத்தைப் பார்ப்பார்.

ஆடியில் மறுபடி நாற்காலியும் கோடும் போட்டு அளந்தோம். அக்காவுக்குப் பதினொன்று, மாமாவுக்குப் பதின்மூன்று. அக்கா இப்போது வடிவத்தை அவளே உருவாக்கி என்னை நடக்கச் சொல்கிறாள். போன செவ்வாய்க்கிழமை ஏழாவது வரிசையில் "கோட்டை மிதித்துவிட்டாய், அவுட்" என்றாள். இல்லை என்று சாதித்தேன். மாமாவை நடுவராக்கினோம். அவர் குனிந்து என் ஷூவைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் வெள்ளையாகச் சாக்பீஸ் கோடு ஒட்டியிருந்தது.